நாராயணவனத்துக்கு அடித்த மணி

கேள்வி எழுதுவது பெரிய வேலை இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்று உறுதி செய்வதுதான் வேலை. பள்ளி ஆண்டு விழாவுக்காக ஒரு தடவையாவது வினாடி வினா எழுதி, பரிசு கொடுத்த பிறகு ஒரு பெற்றோர் புத்தகத்தோடு எழுந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிறுவர் பக்கங்களில் முப்பது வருடம் புதிர்களும் கேள்விகளும் எழுதினேன். ஓய்வு பெற்றுச் சித்தூரில் இருந்தபோது, திருப்பதியில் ஒரு உள்ளூர் கேபிள் சானலில் பிள்ளைகளுக்கான போட்டி நிகழ்ச்சி தொடங்கினார்கள். வாரத்துக்கு இரண்டு. தெலுங்கில் நடக்கும், நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் தமிழிலும் பதில் சொல்லலாம். அதற்குக் கேள்வி எழுதப் போனேன். இந்த ஆண்டு ஐந்நூறாவது நிகழ்ச்சி வந்தது. அதற்குள் ஒரு பெண்ணுக்கு நான் செய்த தவறைத் திருத்திவிட வேண்டும் என்பது மட்டுமே எனக்கு அந்த விழாவில் இருந்த அக்கறை.

போர்டில் எழுதிய தேதி

டிவிக்காரர்கள் இன்றைக்கு எடுப்பதை இரண்டு வாரம் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அன்றைக்கே நடப்பது போலப் பேச வேண்டும். முதல் நிகழ்ச்சியில் தொகுப்பாளர் சைலஜா ஒரு சிறுவனிடம், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாள். அவன் ஞாயிறு என்றான். ஒளிபரப்பு சனிக்கிழமை. எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி எடுத்தார்கள்.

அடுத்த வாரம் நான் ஒரு கரும்பலகை வாங்கி, காமிராவுக்குத் தெரியாமல் இடது பக்கம் வைத்து, ஒளிபரப்பாகும் தேதியை எழுதினேன். பிள்ளைகளிடம், இந்த அறைக்குள் வந்துவிட்டால் போர்டில் இருக்கும் தேதிதான் இன்றைய தேதி, வெளியே என்ன தேதியாக இருந்தாலும் மறந்துவிடுங்கள் என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் இதைச் சொல்வது என் பொறுப்பு. முதல் தடவை இதைச் சொன்னபோது ஒரு சிறுவன் மட்டும் சந்தேகம் கேட்டான்: "அப்போ ஹோம் ஒர்க்கும் அந்தத் தேதிக்கா சார்?"

நூறாவது எது

நிகழ்ச்சியை நடத்தும் ரமணய்யாவுக்கு மைல்கற்கள் மேல் தனிப் பிரியம். இருபத்தைந்துக்கு ஒரு கேக், ஐம்பதுக்கு ஒரு பேனர், ஒவ்வோர் ஆண்டு நிறைவுக்கும் ஒரு சைக்கிள் பரிசு. தொண்ணூற்று நான்கு நிகழ்ச்சிகள் முடிந்தபோது கொரோனா ஊரடங்கு வந்தது. ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு முதல் நிகழ்ச்சியிலிருந்து மறு ஒளிபரப்பு செய்தார்கள். அவர் எண்ணிக்கையை மட்டும் நிறுத்தவில்லை. அதனால் "வெற்றிகரமான நூறாவது நிகழ்ச்சி" என்ற பட்டையோடு வந்தது எங்கள் ஆறாவது நிகழ்ச்சி.

நான் சித்தூரிலிருந்து போன் செய்து, சிறுவர் பக்கத்தில் எண்ணைத் தவறாகப் போட்டால் மறு இதழில் திருத்தம் வெளியிடுவோம் என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "பாத்தவங்க ரெண்டு தடவை பாத்தாங்க இல்ல மாஸ்டாரு? அப்போ கணக்கும் ரெண்டுதான்" என்றார்.

லண்டனில் ஜெயித்தவர்

கொரோனாவால் ஒரு வருடத்துக்கும் மேல் நின்றுபோய், நிகழ்ச்சி மறுபடி தொடங்கியது. மூன்றாம் ஆண்டு நிறைவு நிகழ்ச்சிக்கு, உலகத் தொலைக்காட்சிப் போட்டிகளின் மைல்கற்களைப் பத்து அட்டைகளில் எழுதித் தரச் சொன்னார்கள். 1938-இல் லண்டனில் நேரலையாக நடந்த எழுத்துக்கூட்டல் போட்டியில் தொடங்கினேன். பதிவுக்கு முன் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்ததால், அட்டைகளை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

முன்வரிசையில் பவானி இருந்தாள். நகரியில் விசைத்தறி ஓட்டும் முனுசாமியின் மகள், அப்போது எட்டாம் வகுப்பு. அந்த லண்டன் போட்டியில் ஜெயித்தது யார் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எத்தனை பேர் விளையாடினார்கள்? அதுவும் தெரியாது. அவள் என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "தேதிய மட்டும் எழுதி வெச்சிக்கினு இருக்காங்க சார்" என்றாள்.

கடைசிக் கேள்வி

அன்று சைக்கிளுக்கான கடைசிச் சுற்றில் பவானியும் சித்தூர்ப் பையன் ஒருவனும் சமமாக நின்றார்கள். கடைசிக் கேள்வி என்னுடைய பழைய நோட்டிலிருந்து எடுத்தது: நாராயணவனம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? என் விடைத்தாளில் சித்தூர் என்று இருந்தது. அது உகாதிக்கு ஒரு வாரம் முன்பு. உகாதி முடிந்ததும் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி தனி மாவட்டம் ஆகும், நாராயணவனம் அதில் சேரும் என்று பேப்பர்களில் வந்துகொண்டிருந்தது. வந்துகொண்டுதான் இருந்தது, இன்னும் நடக்கவில்லை.

பவானி "திருப்பதி" என்றாள். தவறான விடைக்கு அடிக்கும் பித்தளை மணியை அடித்தார்கள். அவள் வாயைத் திறந்தபடி, விரலை நீட்டி, காமிரா இல்லாத பக்கம் பார்த்தாள். அதற்குள் பையன் "சித்தூர்" என்று சொல்லிவிட்டான், கைதட்டல் எழுந்துவிட்டது, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

உகாதி போய் ஒரு வாரத்தில் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அதற்குள் புதிய மாவட்டங்கள் வந்துவிட்டன. பார்த்தவர்களுக்கு நாராயணவனம் திருப்பதி மாவட்டம். எங்கள் நிகழ்ச்சியில் மட்டும் சித்தூர் மாவட்டம். நான் வீட்டில் உட்கார்ந்து அந்த மணியைக் கேட்டேன். மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறிப் போய், அடுத்த நிகழ்ச்சியில் ஒரு வரி திருத்தம் சொல்லுங்கள் என்று கேட்டேன். ரமணய்யா எனக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "டிவியில திருத்தம்னு ஒண்ணு கிடையாது மாஸ்டாரு. அடுத்த ப்ரோக்ராம்தான் இருக்குது."

சிறந்த தருணங்கள்

நானும் அதோடு விட்டிருப்பேன். ஆனால் ஒவ்வொரு மைல்கல்லுக்கும் "சிறந்த தருணங்கள்" என்று ஐந்து நிமிடம் பழைய காட்சிகளை ஒட்டிப் போடுவார்கள். பவானியின் அந்த முகம் எடிட் செய்பவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. திறந்த வாய், நீட்டிய விரல், ஓரப் பார்வை, மணி. நான்காம் ஆண்டு நிறைவில் வந்தது. முந்நூறாவதில் வந்தது. நானூறாவதில் மணிச் சத்தத்தை மூன்று தடவை ஓட்டினார்கள். எடுக்கச் சொல்லி ஒவ்வொரு முறையும் கேட்டேன். நிகழ்ச்சியிலேயே ஜனங்கள் அதிகம் சிரிப்பது அங்கேதான் என்றார்கள்.

முனுசாமி எனக்கு போன் செய்தது நானூறாவதுக்குப் பிறகுதான். சண்டை போட வரவில்லை. மகள் அந்தப் பக்கம் பார்த்தது ஏன் என்று தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாம்: அங்கே யாரோ பிட்டு கொடுத்திருக்கிறார்கள். பள்ளியில் டீச்சர் அவளைக் கேள்வி கேட்டால், வகுப்பே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்குமாம். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தபோதும், அங்கே யார் நின்றார்கள் என்று கேட்டார்களாம். அவளிடம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டுப் போகிறாள் என்றார். கடைசியில், "தறி ஓடறப்போ டிவி சத்தம் ஒண்ணும் கேக்காது சார். அந்த மணி மட்டும் எப்டியோ கேட்டுடுது" என்றார்.

ஐந்நூறு

ஐந்நூறாவதுக்குக் கேள்வி கேட்டு ரமணய்யா வந்தபோது, திருத்தம் வாசித்தால்தான் கேள்வி என்று சொல்லிவிட்டேன். அப்படி நான் பேசிக் கேட்டதில்லை என்பதால் அவர் ஒப்புக்கொண்டார். பழைய போட்டியாளர் மேடைக்கு வருவது விழாவுக்கும் நன்றாக இருக்கும் என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

பவானி இப்போது புத்தூரில் இன்டர்மீடியட் இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாவது, படிக்கிறாள். அப்பாவோடு வந்தாள். சைலஜா வாசிக்க வேண்டிய அட்டையை முதலில் அவளிடம் காட்டினேன். சிறுவர் பக்கத் திருத்தம் மாதிரியே எழுதியிருந்தேன்: நாம் சொன்ன விடை தவறு, பவானி சொன்ன விடை சரி, அவளுக்கு ஒரு மதிப்பெண் சேர்க்கப்படுகிறது, வருந்துகிறோம். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு பேனா கேட்டாள்.

"இது தப்பு சார். நாம எடுத்த அன்னைக்கி நாராயணவனம் சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. எனக்கு நல்லாத் தெரியும்."

அப்படியானால் ஏன் திருப்பதி என்று சொன்னாய் என்று கேட்டேன். அவள் விரலை நீட்டினாள். அதே விரல், அதே பக்கம். அங்கே என் கரும்பலகை இருந்தது. அன்றைய பதிவுக்காக, இரண்டு வாரம் தள்ளி ஒரு தேதியை அதில் நான்தான் எழுதியிருந்தேன்.

"போர்டுல இருக்கற தேதிதான் இன்னைக்கின்னு நீங்கதான சார் சொன்னீங்க? நானு அந்தத் தேதிக்கு பதில் சொன்னேன். அதக் காட்டறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று முனுசாமி அவளைக் கேட்டார். நைனா, போர்டு காமிராவுலயே வரல, சொன்னா யார் நம்புவாங்க என்றாள். தேதியை எழுதியவன் நான். அதை நம்பச் சொன்னவன் நான். என் விடைத்தாளை மட்டும் அந்தத் தேதிக்கு வைத்துப் பார்க்கவில்லை. அறையில் இருந்தவர்களில் நான் சொன்னதைக் கேட்டு நடந்தவள் அவள் ஒருத்திதான்.

அட்டையை இருவரும் சேர்ந்து திருத்தி எழுதினோம். பதிவான நாளில் சித்தூர் சரி. ஒளிபரப்பான நாளில் திருப்பதி சரி. பவானி பார்த்தது இந்தப் போர்டை. மதிப்பெண் வரியை அவளே அடித்துவிட்டாள். கடைசி வரி வாசிக்கும்போது காமிராவைப் போர்டின் பக்கம் திருப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ரமணய்யா அங்கேதான் தயங்கினார். முன்கூட்டியே எடுக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்துவிடுமே என்றார். இதுவரை ஓரமாக நின்றிருந்த முனுசாமி அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "ஊருக்குத் தெரியும் சார். வெளிய மழை பேஞ்சிக்கினு இருக்கும், நீங்க டிவில இன்னா வெயிலுன்னு பேசிக்கினு இருப்பீங்க."

காமிரா திரும்பியது. சைலஜா அட்டையை வாசித்தாள். பவானி மறுபடி விரலை நீட்டிக் காட்டினாள். இந்தத் தடவை விரல் நீட்டிய இடத்தில் பார்ப்பவர்களுக்கும் ஒரு போர்டு இருந்தது. மணியை யாரும் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒளிபரப்பானபோது, நிகழ்ச்சி முடிந்த கையோடு முனுசாமி போன் செய்தார். தெருவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "இந்தத் தடவ நாலு தறியையும் நிறுத்திட்டுப் பாத்தோம் சார்" என்றார்.

இப்போதெல்லாம் என் ஒவ்வொரு விடைத்தாளின் தலைப்பிலும் இரண்டு தேதிகள் போடுகிறேன்: நாங்கள் இருக்கும் நாள் ஒன்று, இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாள் ஒன்று.