வெறும் வயிற்றில் வலி இல்லை

அம்மா டவர் கிரேன் ஓட்டினாள். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே தெரியும் நீண்ட இரும்புக் கையை நகர்த்துகிற ஆள். கீழே வேலை செய்பவர்கள் அவளை ‘மேல்வீட்டு அக்கா’ என்றார்கள்.

குடலில் வந்த கட்டி அவளைக் கொல்லவில்லை. கட்டியை எடுத்த பிறகு உள்ளே இருந்துவிட்ட ஓர் இடைவெளி கொன்றது. அது எப்படி என்று சொல்ல, முதலில் அவள் சாப்பிடும் விதத்தைச் சொல்ல வேண்டும்.

கிரேன் உச்சியில் அவள் உட்கார்ந்து ஓட்டும் கேபினுக்குப் போக ஏணி மட்டும்தான் வழி. மேலே கழிவறை கிடையாது. ஆண்கள் பாட்டிலை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். அம்மா ஏறுவதற்கு முன் சாப்பிடவே மாட்டாள். தண்ணீரும் நாக்கு நனைகிற அளவுதான். மாலையில் இறங்கி வீட்டுக்கு வந்து, நாள் முழுவதற்குமான சாப்பாட்டை ஒரே வேளையில் முடிப்பாள். இளம் வயதில் பிடித்த பழக்கம். விடுமுறை நாட்களில் மட்டும் மதியமும் சாப்பிடுவாள்.

சமையல் அப்பாவுடையது. அவர் வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை திருத்தும் வேலை பார்ப்பவர்.

“மெல்லுடி. மலைப்பாம்பு உன்னைப் பார்த்தா எழுந்து நின்னு கும்பிடும்.”

“பேச்சு போதும். தட்டுல வைங்க.”

கட்டி பெருங்குடலின் இடப்பக்கத்தில் இருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, கட்டியிருந்த பகுதியை வெட்டி எடுத்து மீதியை இணைத்தார்கள். சுத்தமாக எடுத்தாயிற்று, வேறு எங்கும் பரவவில்லை என்றார் டாக்டர். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா தன் வயிற்றைப் பார்த்து, “ஸ்விட்ச் போர்டு மாட்ட அளவெடுத்த மாதிரி இருக்கு” என்றாள். பிறகு டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் மறுபடி ஏணி ஏறலாமா?”

உடல் தேறட்டும், பார்த்துச் சான்றிதழ் தருகிறேன் என்றார் அவர். அதுவரை கம்பெனி அவளை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தது. ஹெல்மெட் கொடுத்து வாங்கும் வேலை. தொலைபேசியில் என்னிடம் புலம்பினாள்: “எல்லார் தலையையும் மேலேர்ந்து பார்த்தே பழகிட்டேன். எதிர்ல உக்காந்து பார்த்தா ஒருத்தனையும் அடையாளம் தெரியல.”

நான் வேறு ஊரில் இருக்கிறேன். ஆலைகளில் பம்புகளையும் வால்வுகளையும் சோதிக்கும் பொறியாளர். அடுத்து நடந்ததை அப்பா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன்.

வலி தொடங்கியது சாப்பாட்டுக்குப் பிறகு. தினமும் இல்லை. தொப்புளைச் சுற்றி முறுக்கும். அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டிலில் மண்டியிட்டு, நெற்றியைத் தலையணையில் வைத்து, இடுப்பைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். விட்டுவிடும்.

“யாரைக் கும்பிடுற?”

“என் குடலை.”

“வரம் குடுத்துச்சா?”

“இப்பதான் குடுத்துச்சு. டீ போடுங்க.”

சான்றிதழுக்கான பரிசோதனை காலையில். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அது பெரிய விஷயமே இல்லை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பஞ்சு மாதிரி இருந்தது.

“இப்ப வலிக்குதா?”

“இல்ல டாக்டர்.”

“வாந்தி?”

“இல்ல.”

“வேலை நேரத்துல ஏதாவது தொந்தரவு?”

“ஒண்ணுமே இல்ல.”

ஒன்றுகூடப் பொய் இல்லை. ஸ்டோர் ரூமிலும் பழக்கத்தை அவள் மாற்றவில்லை; வேலை நேரத்தில் அவள் வயிறு எப்போதும் காலிதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா வாயைத் திறந்தார். “வீட்டுல சாப்பிட்டா மட்டும் கொஞ்சம்...”

“அது இவர் சமையல், டாக்டர்.”

டாக்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். கையெழுத்தாயிற்று.

அம்மா மறுபடி ஏறினாள். அந்த வாரம் அவள் குரலில் அப்படி ஒரு தெளிவு. “மேல போனா எனக்கு ஒண்ணும் இல்லடி. பூமிதான் எனக்கு ஒத்துக்கல.” அவளுக்கு அது நிரூபணம். கேபினில் ஒரு நாளும் வலித்ததில்லை.

வலித்திருக்காது. காலியான சிறுகுடல் மெலிந்து கிடக்கும். ஓர் இடைவெளிக்குள் நுழைந்தாலும் வழுக்கி வெளியே வந்துவிடும். நிறைந்த குடல் கனமானது. மாட்டிக்கொள்ளும்.

நான் விடுப்பில் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து அம்மா எனக்காகப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாள். போய்ப் பார்த்தேன். கட்டிலில் மண்டியிட்டிருந்தாள். எழுந்தாள். மறுபடி மண்டியிட்டாள். பக்கம் மாறிப் படுத்தாள். அப்பா ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றார்.

“இந்தத் தடவை விடலைங்க” என்றாள்.

மருத்துவமனையில் ஸ்கேன் படத்தைத் திரையில் பார்த்தேன். ரத்தக்குழாய்கள் ஒரு மையத்தைச் சுற்றிச் சுருண்டிருந்தன. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் முறுக்கிக்கொண்ட குழாயில் எதுவும் ஓடாது என்று தெரியும்.

அறுவை அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்தாள். “கீழேர்ந்து எனக்குக் கை காட்டற சிக்னல்காரர்கிட்ட சொல்லிடு. நாளைக்குக் கம்பி லோடு வருது. புதுப் பையனை ஏத்த வேணாம், காத்து ஜாஸ்தி.”

“சொல்றேன்மா.”

“அப்பாவைச் சாப்பிட வை.”

சிறுகுடலின் பெரும்பகுதி ஏற்கெனவே இறந்திருந்தது. அதை வெட்டி எடுத்தார்கள். ரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை எடுக்க முடியவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிக்காமலே போனாள்.

சான்றிதழ் தந்த அதே டாக்டர் என்னை அறைக்கு அழைத்து, ஒரு தாளில் வரைந்து காட்டினார். குடலைத் தாங்கிப் பிடிக்கும் விசிறி மாதிரியான மடிப்பு. முதல் அறுவையில் குடலோடு அதிலும் ஒரு துண்டை எடுத்தார்கள். அங்கே வந்த இடைவெளி வழியாகத்தான் சிறுகுடல் நுழைந்திருக்கிறது. உள் குடலிறக்கம் என்று பெயர். துளை போட்டுச் செய்யும் அறுவையில் உள்ளே காயம் குறைவு, அதனால் எதுவும் அதிகம் ஒட்டிக்கொள்வதில்லை, குடல் தாராளமாக நகரும். நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பதற்குக் காரணமும் அந்தக் குறைவான காயம்தான்.

“ஏன் தைச்சு மூடல?”

“வழக்கமா மூடறதில்லைம்மா. தைக்கும்போது ஊசி ரத்தக்குழாய்ல பட்டா அது வேற ஆபத்து. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல.”

அவர் சொன்னது உண்மை. பிறகு நான் தேடிப் படித்ததிலும் அப்படித்தான் இருந்தது. பெரும்பாலானவர்களில் அம்மா இல்லை, அவ்வளவுதான்.

“வலி இருக்கறப்ப ஸ்கேன் எடுத்திருந்தா?”

அவர் பேனாவை மூடினார். “தெரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். எங்கிட்ட வர்றப்ப அவங்களுக்கு வலியே இருந்ததில்ல.”

அப்பா வெளியே நடைபாதை நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கு நான் முழுசா சொல்லியிருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்களா, கண்ணு?”

“மாட்டாங்கப்பா. அதெல்லாம் முன்கூட்டித் தெரியாது.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. டாக்டர் படம் போட்டே காட்டினார்.”

தலையாட்டினார். படித்தவள் சொல்கிறாள் என்று நம்பியதுபோல்தான் இருந்தது. மறுநாள் காலை, பல் துலக்கிவிட்டு வந்து, மறுபடியும் அதையே கேட்டார்.