ஃபிரிட்ஜுக்குள் ஒற்றை ஷூ

நல்ல குடும்பத்தில் யாராவது ஃபிரிட்ஜுக்குள் ஷூ வைப்பார்களா? ஒரு வருடமாக அம்மா இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாலுக்குக் கீழ்த்தட்டில், துணிப்பைக்குள், மகனின் வலதுகால் ஷூ. அதன்மேல் அவனுடைய மதியச் சாப்பாட்டு டப்பா.

"சாப்பாட்ட மறந்துட்டுப் போயிடுவேம்மா. ஒத்தக் கால் ஷூவோட யாராச்சும் கெளம்புவாங்களா?"

"உன்னைப் பெத்ததுக்கு நான்தான் ஊரை விட்டுக் கெளம்பணும்."

அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வயது முப்பத்தாறாகியும் வேலை என்னவோ உதவியாள்தான். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அவன் சொன்னால் சொன்னதுதான். ஆனால் உரிமம் இல்லை. கோளாறை அவன் கண்டுபிடிப்பான், கையெழுத்தை வேறொருவன் போட்டுவிட்டுப் போவான்.

உரிமத்துக்கான தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை, தேர்வு முடிந்த மறுநாள் போய் வாசலில் நின்றான். இரண்டாம் முறை சரியான நாளில்தான் போனான். ஹால் டிக்கெட் மட்டும் வீட்டில் அடுப்பு மேடைமேல் சௌகரியமாகப் படுத்திருந்தது. வேலையிடத்தில் ‘மறதி மன்னன்’ என்று பட்டம் சூட்டினார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அக்காதான் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஏடிஎச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காத குறைபாடு என்றார் டாக்டர். சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, மூளையின் வாகே அப்படி என்றார். அத்தனை வருடம் வாங்கிய திட்டெல்லாம் வேறு யாருக்கோ வந்த தபால் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு அவனுக்கு அப்படித்தான் இருந்தது.

அதன்பிறகு தன்னைத் திருத்துவதை விட்டுவிட்டு வீட்டைத் திருத்த ஆரம்பித்தான். அலமாரிக் கதவுகளைக் கழற்றி வைத்தான். கண்ணில் படாத பொருள் அவனைப் பொறுத்தவரை உலகத்திலேயே கிடையாது. ஒரே மாதிரி ஆறு சட்டை வாங்கினான். பத்து மணிக்குப் படுத்துவிடுவான். வேலை தொடங்குமுன் எட்டு மாடி படியேறுவான், உடம்பு கொஞ்சம் களைத்தால்தான் மனசு ஓரிடத்தில் உட்காரும். லிஃப்ட் பார்க்க வந்தவன் படியில் ஏறுகிறானே என்று காவலாளிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! அப்புறம், தெருவாசலில் நின்று பைகளைத் தட்டித் தட்டி, "சாவி, போன், பர்ஸ், சாப்பாடு, பஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஓர் அடி நகரமாட்டான். பஞ்சு, இரைச்சல் தாங்காதபோது காதை அடைக்க. எதிர்வீட்டுக்காரர் அதை ஏதோ மந்திரம் என்றே நம்பியிருந்தார்.

மூன்றாவது தேர்வு வந்தது. ஒன்பது மணித் தேர்வை எட்டு மணி என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். ஹால் டிக்கெட்டை முந்தின நாளே ஃபிரிட்ஜில் ஷூவின்மேல் வைத்தான். இனி எது தவறினாலும் ஷூ தவறாது.

காலையில் ஷூ இரண்டும் வாசலில் ஜோடியாகப் பளபளத்தன. மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தெருவாசலில் வழக்கம்போலத் தட்டினான். சாவி, போன், பர்ஸ், பஞ்சு, இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பதில் ஹால் டிக்கெட்... சட்டைப்பை தட்டையாக இருந்தது. பழைய ஆளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பான். "கையில ஒரு மணி நேரம் இருக்கு" என்று தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரும்பி ஓடினான்.

ஃபிரிட்ஜைத் திறந்தால் பால்தான் இருந்தது.

அம்மா வெலவெலத்துப் போனாள். "ஐயோ, பரீட்சைக்குப் போற புள்ள, ஷூவுக்கு பாலிஷ் போட்டு வைப்போம்னு நான்தாண்டா எடுத்தேன்! அந்தத் தாளு நனைஞ்சிடுமேன்னு அரிசி டப்பாவுக்கு அடியில வச்சேன்."

கடைசி வாய்ப்பு போயிருந்தால்? கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் ஷூவைப் பார்த்தான். இந்த வீட்டில் அந்த ஷூவுக்கு யாரும் பாலிஷ் போட்டதே இல்லை. "குடும்மா, நேரம் இருக்கு" என்றான்.

தேர்வறையில் விளக்கு ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அது கேட்கவே இல்லை. அவனுக்கோ மண்டைக்குள் கேட்டது. முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். இந்தத் தடவை எழுந்து நின்று, "சார், காதுல பஞ்சு வச்சுக்கலாமா?" என்று கேட்டேவிட்டான்.

கண்காணிப்பாளர் பஞ்சைப் பிரித்துப் பார்த்தார். "எழுதறது கைதானே? வச்சுக்கோங்க."

எழுதித் தள்ளினான். மூன்றாம் வாரம் உரிமம் வந்தது. வேலையிடத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்த தலைமை மெக்கானிக், பழக்கதோஷத்தில் "மறதி" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "நாளையிலேர்ந்து கையெழுத்து நீயே போடு, மன்னா" என்றார். அன்று அவன் குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. எல்லார் முன்னாலும் அழுதான்.

மறுநாள் காலை, முதன்முதலாகத் தனியாகப் போகும் வேலை. பரபரப்பில் முந்தின நாள் எதையுமே எடுத்து வைக்காமல் தூங்கிப்போயிருந்தான். வாசலில் இடதுகால் ஷூ மட்டும் கிடந்தது. ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தான்.

பாலுக்குக் கீழ்த்தட்டில், வெளுத்த துணிப்பையில், பாலிஷ் போட்ட வலதுகால் ஷூ. அதன்மேல் சாப்பாட்டு டப்பா. டப்பாவின்மேல், நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள், அவனுடைய உரிமம்.

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா முழிக்கிற?" என்றாள் பின்னாலிருந்து அம்மா. "நல்ல குடும்பத்துல இப்படித்தான் வைப்பாங்க."