ரிலீவ் பண்ணிடுங்க சார்

ஆசீர்வாதத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் கொஞ்சம்தான். அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது ‘ரிலீவ்’. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், உலைக்கு முன்னால் நிற்கிற யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். போனஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளியாட்களுக்கு இது புரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். உலையை நினைத்தால் அணைத்து, நினைத்தால் மூட்ட முடியாது. எரிந்துகொண்டே இருக்கும், அதன் முன்னால் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். சங்கு ஊதியதும் கிளம்புகிற கதை அங்கே கிடையாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, கையுறை மாட்டி, நம் கையில் இருக்கும் இடுக்கியை வாங்கிக்கொண்டு, “ரிலீவ்ணே” என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வீடு. அந்த ஆளுக்குப் பெயர் ரிலீவர். அவன் வராவிட்டால் நிற்பவன் நிற்க வேண்டியதுதான்.

மகள் மெர்சி பிறந்த அன்றைக்கும் ரிலீவர் வரவில்லை. ஆசீர்வாதத்தின் மனைவி விக்டோரியாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் வலி எடுத்த செய்தி ஆலைக்கு வந்துவிட்டது. “போய்யா, நாங்க பாத்துக்கறோம்” என்று மற்றவர்கள் சொல்லியும் அவர் நகரவில்லை. இடுக்கியை வாங்க ஆள் வந்த பிறகுதான் ஓடினார். கரி படிந்த கையோடு குழந்தையை வாங்கப் போனதற்கு நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அதை அவர் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். இவ்வளவு விசுவாசமாக நின்று என்ன கண்டார்? இன்றைக்கும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

நான் அதே ஆலையின் எடைமேடையில் உட்கார்ந்திருப்பவன், பெயர் துளசிராமன். உலைப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லோருடைய போனும் என் அறையில்தான் கிடக்கும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் சமாதானம் என்று எனக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. வேண்டாத வேலைதான், ஆனாலும் வந்து சேர்ந்துவிட்டது.

மெர்சி சென்னையில் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கி பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வருஷம். ஆசீர்வாதத்தின் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், இவர் உலைக்கு முன்னால் வேகிறவர், மெர்சி லேபில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்பவள். அந்தக் கோட்டுப் போட்ட போட்டோதான் அவர் போனைத் திறந்ததும் தெரியும். “ஒரு வருஷம் பல்லக் கடிச்சுக்கினு இருந்துட்டா போதும் துளசி, அப்பால எம்பொண்ணு ஏசி ரூம்ல ஒக்காந்துப்பா” என்பார். அவருக்கு வேறு கனவு ஏதும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் மெர்சிக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் படுத்துவிட்டாள். திரும்பிப் போனதும் டாக்டர் சர்டிபிகேட்டைக் கொடுத்தாள். ஆனாலும் வகுப்புக்கு வந்த நாட்கள் குறைந்துவிட்டதால் பெற்றோர் நேரில் வந்து பேச வேண்டும் என்றார்கள். “ஒரு நாளு காலேஜுக்கு வந்துட்டுப் போ நைனா” என்று அவளும் கேட்டாள். எதற்கென்று விளக்கிச் சொல்லவில்லை, ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுகிறவரை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று நினைத்துவிட்டாள். ஆலையில் வருஷக் கடைசி நெருக்கடி, லாரிகள் வரிசை கட்டி நின்றன, லீவு கேட்டால் கடித்துக் குதறினார்கள். “கிறிஸ்துமஸ் முடியட்டும், வந்துடறேன்” என்றார் இவர்.

இதற்கிடையில் கல்லூரியிலிருந்து பெற்றோர்களுக்கான வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மேலே கிறிஸ்துமஸ் தாத்தா, கீழே முழுக்க இங்கிலீஷ். அவர் என்னிடம் காட்டியது அந்தத் தாத்தாவைத்தான், விஷயத்தை நான் பிற்பாடுதான் படித்தேன். விடுமுறைக்கு முன் நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவும், அறையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பூட்டவும், ஜன்னலைச் சாத்தவும், மனச்சோர்வு இருந்தால் இந்த உதவி எண்ணை அழைக்கவும் என்று கரிசனமாக எழுதியிருந்தது. பிளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில், வருகை குறைந்த மாணவர்களின் பெற்றோர் விடுமுறை தொடங்குமுன் துறைத் தலைவரைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று ஒரு வரி. ஒரு பெண்ணின் படிப்பையும் ஒரு பிளக்கையும் ஒரே எழுத்தில் போட்ட மகாராசன் யாரோ தெரியவில்லை. ஆசீர்வாதம் தாத்தா படத்தைப் பார்த்தார், பூரித்துப்போய்க் கும்பிடும் கை ஒன்றைப் போட்டார். அவரைப் பார்த்து இன்னும் பல அப்பாக்கள் கும்பிட்டார்கள்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு மத்தியானம் அவருடைய போன் என் மேஜையில் அடித்தது. டீ நேரம் என்பதால் ஆள் பக்கத்திலேயே இருந்தார். கல்லூரி ஆபீஸ் என்றதும் தலைத்துண்டை எடுத்துவிட்டு, நின்றபடியே பேசினார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்பதை அவர் பிறகு எத்தனையோ தடவை திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார், அதனால் எனக்கும் மனப்பாடம்.

“மெர்சியோட ஃபாதரா? அட்டென்டன்ஸ் ஷார்ட்டேஜ் இருக்கு சார். இந்த செமஸ்டரோட ரிலீவ் பண்றதா லிஸ்ட்ல இருக்கு. உங்க சைடுல ஏதாவது அப்ஜெக்‌ஷன் இருக்கா?”

இத்தனை இங்கிலீஷுக்கு நடுவில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்டதும் ஆசீர்வாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

“எனக்கின்னா சார் அப்ஜெக்‌ஷன்? தாராளமா ரிலீவ் பண்ணிடுங்க சார். கிறிஸ்துமஸ் வேற வருது, அவங்கம்மா எதிர்பாத்துக்கினு கீறா. ரொம்ப நன்றி சார், கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு.”

போனை வைத்துவிட்டு என்னிடம், “காலேஜ்ல எவ்ளோ மரியாதையா கேக்கறாங்க பாரு. இங்கயும்தான் கீறானுங்களே” என்றார். நான் லாரி எடையைப் பார்த்தபடி ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை மெர்சி வந்தாள். அன்றைக்கு ரிலீவர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதால், ஆசீர்வாதம் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். மின்சார ரயிலிலிருந்து கல்லூரிப் பெண்கள் தோளில் ஒரு பையோடு இறங்கினார்கள். மெர்சி மட்டும் பெட்டி, பாய், தலையணை, குளிக்கிற பக்கெட் எல்லாவற்றோடும் இறங்கினாள். பக்கெட்டுக்குள் அந்த வெள்ளைக் கோட்டு மடித்து வைத்திருந்தது.

“இன்னாம்மா, லீவுக்கு வர சொன்னா ஊட்டையே பேத்து எடுத்துக்கினு வந்துட்ட?” என்று சிரித்தார் ஆசீர்வாதம். அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கெட்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே நடந்தார். “நான்தான் போன்ல சொன்னேன், ரிலீவ் பண்ணுங்கன்னு. நல்ல மனுசன், சொன்ன ஒடனே பண்ட்டாரு.”

மெர்சி நின்றுவிட்டாள்.

“அப்ப நெசமாவே நீதான் சொன்னியா?”

“பின்ன வேற யாரு?”

“ஒங்கப்பாவே ஒத்துக்கினாருன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஒடம்பு சரியில்லாம படுத்ததுல ஒனக்கும் வெறுத்துப்போச்சு போல, என்ன நிறுத்திடலாம்னு முடிவு பண்ட்டன்னு நெனச்சேன் நைனா. அதான் போன் கூடப் பண்ணல.”

“இன்னாத்த நிறுத்தறது? லீவுதானே?”

“ரிலீவ்னா லீவு இல்ல நைனா. பேரை எடுத்துட்டாங்க. இனிமே நான் அங்க படிக்கல.”

ரயில் காலியாகி, பிளாட்பாரமும் காலியாகி, நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றிருந்தோம். ஆசீர்வாதம் தோளிலிருந்து பக்கெட்டை இறக்கவே இல்லை, மறந்துவிட்டார். நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன். எனக்கு அப்போது யார் மேல் கோபம் வந்தது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே கல்லூரிக்குப் போன் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. சுற்றறிக்கையில் கண்ட உதவி எண்ணையும் விடவில்லை. அது வேலை நாட்களில் மட்டும் செயல்படும் என்று பதிவு செய்த குரல் இனிமையாகச் சொல்லி, பண்டிகை வாழ்த்தும் சொன்னது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வழக்கம்போல் பிரியாணி வந்தது. கொண்டுவந்த ஆசீர்வாதம் உட்காரவில்லை. அவர் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது, உள்ளே பல்பு போட யாருக்கும் தோன்றவில்லை. மகள் லீவுக்கு வந்திருக்கிறாள் என்றே விக்டோரியா நினைத்திருந்தார். காலேஜ் திறந்ததும் சரிசெய்துவிடலாம், அதுவரை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவும் மகளும் பேசிவைத்திருந்தார்கள்.

கல்லூரி திறந்த அன்றைக்கு நாங்கள் மூவரும் முதல் ஆட்களாய்ப் போய் நின்றோம். துறைத் தலைவர் ஒரு அம்மாள், கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகச் சண்டை போட்டு மனசையாவது ஆற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

“அன்னிக்கு போன்ல ‘என் பொண்ணு படிக்கணும்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும் சார், மெடிக்கல் லீவ்ல சேர்த்திருப்போம். அதைக் கேக்கத்தான் போன் பண்ணச் சொன்னேன். அரக்கோணத்துப் பொண்ணு ஒருத்தி, அவங்கம்மா போன்லயே அழுதாங்க, அந்தப் பொண்ணு இப்போ உள்ள உக்காந்திருக்கா. நீங்க சம்மதம்னு சொன்னதா எழுதியிருக்கு. லிஸ்ட் யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு, இனிமே என் கையில இல்ல.”

ஆசீர்வாதம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “மேடம், எங்க கம்பெனில ரிலீவ்னா ஊட்டுக்குப் போறது மேடம். மறுநாளு திரும்பி வந்துடுவோம்.”

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அன்றைக்குப் போன் பண்ணிய ஆபீஸ் ஆள் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டருக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் ரயிலில் வரும்போதெல்லாம் நினைத்துவந்தேன். “நான் தெளிவாத்தான் சார் கேட்டேன்” என்று அவரே முந்திக்கொண்டார். அவர் அளவில் அது பொய்யும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த ஜூனில் ஜூனியர் பிள்ளைகளோடு மறுபடி சேரலாம் என்றார்கள். ஆனால் விடுதியில் இடம் கிடைக்காது, நடுவில் அறுந்த உதவித்தொகை திரும்ப ஒட்டாது. அதாவது சேர முடியாது என்பதைச் சேரலாம் என்ற வார்த்தையால் சொன்னார்கள். திரும்பி வரும்போது ரயிலில் மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அத்திப்பட்டு தாண்டியதும் ஆசீர்வாதம் மெதுவாக, “அம்மாகிட்ட நானே சொல்லிடறேன், எம்மேலதான் தப்புன்னு” என்றார்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம் நைனா” என்றாள் அவள்.

என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்பது பொங்கலன்றுதான் தெரிந்தது. நான் பொங்கல் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது விக்டோரியா கத்திக்கொண்டிருந்தார்.

“வேணாம்னு வந்துட்டாளாம்ணா! படிப்பு ஏறலயாம்! அந்த மனுசன் நெருப்புல வெந்துக்கினு கீறாரு, இவளுக்குக் கொழுப்பப் பாத்தீங்களா?”

“ஆமா, ஏறல. நான்தான் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்” என்றாள் மெர்சி, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, குரலில் ஒரு நடுக்கம் இல்லாமல். ஆசீர்வாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார், மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். அவர் அழுததை விக்டோரியா மகள் மேலுள்ள வருத்தம் என்றுதான் நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு ஆலையில் அவருடைய ரிலீவர் வந்து வழக்கமான வார்த்தையைச் சொன்னால், “வாய மூடிக்கினு இடுக்கிய வாங்கு” என்பார். விவரம் தெரியாத அந்த ஆள் என்னிடம் வந்து, “இன்னாண்ணே, பெருசு பேஜார் பண்ணுது” என்றான். போய் வேலையைப் பாருடா என்று அனுப்பிவிட்டேன்.

தை முடிவதற்குள் மெர்சிக்கு வேலை கிடைத்துவிட்டது. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்று, ஷிப்ட் வேலை, விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பிளஸ் டூ படித்திருந்தால் போதும் என்றார்களாம். முதல் நாள் ஆசீர்வாதமும் அவளும் பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தார்கள். நானும் ஆலைக்குப் போக அங்கேதான் நின்றேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. நிறையப் பெண் பிள்ளைகள், எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை.

“நைனா, ஷிப்ட் முடிஞ்சா யாராண்ட சொல்லிட்டு வரணும்?” என்று கேட்டாள் மெர்சி.

ஆசீர்வாதம் அவள் கழுத்து அட்டையை நேராக்கிவிட்டார். பிறகு சொன்னார்:

“ரிலீவர் வருவாங்கம்மா. அவங்க வந்து ரிலீவ்னு சொன்னாத்தான் நீ வரணும்.”

“வர்லன்னா?”

“வர்லன்னா நின்னுக்கினே இருக்கணும்.”

சரி என்று தலையாட்டிவிட்டு மெர்சி பஸ்ஸில் ஏறினாள்.