திமிலுக்கும் கைக்கும் நடுவே

கீரமங்கலம் கடைவீதியில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்கு வருகிற படங்களில் பாதியைப் படம் என்றே சொல்ல முடியாது. சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவை ஒருவர் செல்போனில் எடுப்பார். அது வாட்ஸ்அப்பில் நாலு பேரைச் சுற்றும். கடைசி ஆள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பி, பத்தடிக்கு வேண்டும் என்பார். முன்பெல்லாம் இது வராதுங்க என்று சொல்லிவிடுவோம். இப்போது ஏஐ இருக்கிறது. பெட்டியில் படத்தைப் போட்டு எட்டு மடங்கு என்று சொன்னால், டீ ஆறுவதற்குள் பெரிதாக்கிக் கொடுத்துவிடும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. காணாமல் போனதை அது தேடி எடுப்பதில்லை, இப்படித்தான் இருந்திருக்கும் என்று தானாக வரைந்துவிடுகிறது. ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸில், வாயை இறுக்கி மூடியிருந்த தாய்மாமனுக்கு வரிசையாகப் பல் வைத்துக் கொடுத்தது. அதிலிருந்து எனக்கு ஒரு சோதனை முறை உண்டு. முதலில் கண், இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா. பிறகு பல். பிறகு விரல், ஐந்துதானா. கடைசியாக எழுத்து. இந்த நாலும் தேறினால்தான் வாடிக்கையாளருக்கு அனுப்புவேன்.

போன மாசியில் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர் வந்தார். வீட்டில் ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர்.

"பாப்பா, எங்க செவலைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்கணும். இந்த வருசமும் வாடிக்குப் போகுது" என்று செல்போனை நீட்டினார்.

முந்தின வருடத்து நேரலை வீடியோவிலிருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட். வாடிவாசலிலிருந்து சிவப்பாக ஒன்று பாய்கிறது. கீழே மஞ்சள் பனியன்கள் சிதறுகின்றன. ஓரத்தில் ஒரு மாடுபிடி வீரர் எம்பிக் கை நீட்டுகிறார். அந்தக் கைக்கும் திமிலுக்கும் நடுவே வெறும் கலங்கல்.

"மாடு வீட்லதானேக்கா நிக்குது? புதுசா ஒரு போட்டோ எடுத்துரலாமே."

"கட்டுத்தறியில நிக்கிறத யாரு பாப்பா பாக்கப் போறா? எனக்கு இந்தத் தாவல்தான் வேணும். எங்க கொழுந்தன் ஒரு வருசமா டீக்கடையில ஒக்காந்துக்கிட்டு, மதினி மாட்டப் புடிச்சுட்டாய்ங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரு மாடு அன்னைக்கு ஆள்கிட்டச் சிக்கிப் பிடிமாடாப் போச்சு, அந்தக் காந்தல். எங்க செவலைய எவனும் தொடக்கூட இல்ல. ஊரே பாக்கட்டும்."

பெரிதாக்கினேன். பிரமாதமாக வந்தது. மாட்டின் கண்ணில் வெளிச்சம், கொம்பில் பளபளப்பு. வீரருக்கு சினிமா கதாநாயகன் முகம். பனியன் எண்கள் மட்டும் எந்த மொழியிலும் சேராத எழுத்தாகியிருந்தன, அவற்றை அழித்தேன். விரல்களை எண்ணினேன், சரியாக ஐந்து. திருப்தியாக அக்காவுக்கு அனுப்பினேன். அவர் வயலில் நின்றபடியே திறந்துகூடப் பார்க்காமல் குடும்பக் குரூப்புக்குத் தட்டிவிட்டிருக்கிறார்.

மறுநாள் கடை திறந்ததும் அக்கா வந்தார். பின்னாலேயே, சிரிப்பை அடக்க முடியாமல், அவருடைய கொழுந்தன்.

"என்ன பாப்பா இப்படிப் பண்ணிப்புட்ட! மாட்டப் புடிச்சுக் குடுத்துட்டியே!"

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் எண்ணிப் பாராட்டிய ஐந்து விரலும் திமிலை அழுத்திப் பிடித்திருந்தன. தோல் மடிப்புகூட அத்தனை சுத்தமாக இருந்தது.

"மதினியே குரூப்புல போட்டுட்டாங்க. இனிமே நான் என்னத்தப் பேச? கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்றார் கொழுந்தன்.

"ஒங்க மாட்டப் பாத்த கண்ணோட எங்க மாட்டையும் பாத்திருக்கும்" என்றார் அக்கா.

பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இதுல பிடியே இல்லண்ணே. வெறும் கலங்கல்தான். ஜல்லிக்கட்டுன்னாலே எல்லாரும் திமிலப் புடிச்ச போட்டோவத்தான் போடுறாங்க. இது அதையே பாத்துப் பாத்துப் படிச்சிருக்கு. கையும் திமிலும் கிட்ட இருந்தா, புடிச்சிருப்பான்னு அதுவா வரைஞ்சுருச்சு."

"சரி, கலங்கலுக்குள்ள புடி இல்லன்னு மட்டும் ஒனக்கு எப்புடித் தெரியும்?"

நியாயமான கேள்வி. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் அதற்குப் பதில் இல்லை. அக்கா முகம் சுருங்கிவிட்டது. வீடியோவையே தேடி எடுத்து, ஒவ்வொரு காட்சியாக நகர்த்தினேன். ஒன்றில் கை தூரத்தில் இருந்தது. அடுத்தது அக்காவின் கலங்கல் படம். அதற்கடுத்ததில் மாடு தாண்டிப் போயிருந்தது, வீரரின் விரிந்த உள்ளங்கை வாலுக்குப் பின்னால் வெறுமனே நின்றது. இடையில் பிடித்து, மறுபடி விடுவதற்கு நேரமே இல்லை.

கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொருக்காப் போடு."

போட்டேன்.

"பின்னாடி போ... ம். இப்ப விடு."

விட்டேன்.

"காத்தத்தான் புடிச்சிருக்கான், வெளங்காத பய" என்றார்.

அக்கா எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்து மூன்று டீ சொன்னார்.

கை விரிந்த காட்சியையே அச்சடிக்கலாம் என்றால், அதில் மாட்டின் தலையைக் கம்பம் மறைத்திருந்தது. அதனால் தாவலையே வைத்துக்கொண்டேன். மாடு, கொம்பு, மஞ்சள் பனியன்கள் எல்லாம் ஏஐ கொடுத்த தெளிவில் இருந்தன. கைக்கும் திமிலுக்கும் நடுவில் மட்டும் பழைய கலங்கலை அப்படியே எடுத்து வைத்தேன். கிட்டத்தில் பார்த்தால் ஈரத்துணியால் தேய்த்ததுபோல் இருந்தது. இப்படி ஒரு வேலையை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"அக்கா, இந்த எடம் மட்டும் தெளிவா இருக்காது."

"இருக்குறது இருக்கட்டும் பாப்பா. இல்லாத புடிய வைக்காத."

ஊர் முக்கத்தில் ஃப்ளெக்ஸ் ஏறியது. இரண்டு நாள் கழித்து அந்த வழியாக பஸ்ஸில் போனேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்தக் கலங்கல் மாட்டின் பாய்ச்சலோடு சேர்ந்து, அதன் வேகம் போலவே தெரிந்தது. கீழே கொழுந்தன் யாருக்கோ கை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டு மாடுய்யா. அந்த எடத்தப் பாரு, கேமராவுக்கே சிக்கல!" பஸ் கொஞ்சம் நின்றதால் அதுவரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம், மீசையெல்லாம் முறுக்கிய பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல கேமராவில் எடுத்த படம், துளிக் கலங்கல் கிடையாது. அவருடைய கறுத்த காளை, அதன் திமிலில் ஆசாமி ஒருவர் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செவலைக்குப் போட்டீங்கள்ல, அதே மாதிரி இந்தக் கைக்கிட்ட மட்டும் கொஞ்சம் வேகம் போட்டுக் குடுங்க, ஆத்தா" என்றார்.