லட்சுமணன் வைத்த கண்ணாடிகள்

ராயபுரத்தில் லட்சுமணனைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். முதலாளியின் குடும்பத்தையே கடலில் கொல்லப் பார்த்தவர் என்பான் ஒருவன். கடைசி நேரத்தில் காப்பாற்றினாரே என்பான் இன்னொருவன். இரண்டு பேருமே அன்றைக்குக் கரையில் இல்லாதவர்கள். நான் இருந்தேன். அதனால்தான் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லட்சுமணன் மசூலாப் படகு தைப்பவர். தைப்பது என்றுதான் சொல்ல வேண்டும், அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைச் சேர்த்து, நடுவில் வைக்கோலும் நாரும் முறுக்கிய திரியைத் திணித்து, தென்னங்கயிற்றால் இழுத்துத் தைப்பார்கள். மதராஸ் கடலின் அலை ஆணி அடித்த படகைக் கரையில் மோதிப் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். கடலில் இறக்குவதற்கு முன் அதன்மேல் தண்ணீரை ஊற்றி ஊறவிடுவார்கள். திரி உப்பும், பலகை உப்பும், இடுக்கெல்லாம் தானே அடைபடும். திரியை எவ்வளவு இறுக்கித் திணிக்கிறோமோ அவ்வளவு நல்லது. லட்சுமணனின் கைக்குத் தெரிந்த பாடம் இது ஒன்றுதான்.

துறைமுகத்துக்குச் சுவர் கட்டிக் கப்பலைக் கரையோடு அணைக்க ஆரம்பித்த பிறகு மசூலாப் படகை யார் கூப்பிடுவார்கள்? நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை அலை தாண்டிக் கொண்டுவரத்தானே அது. யுத்தம் முடிந்த சில வருஷங்களில் கையில் இருந்த கொஞ்சநஞ்ச வேலையும் நின்றது. மகன் ஜெயவேல் துறைமுகத்தில் கரி இறக்கப் போனான். கரித்தூள் அவன் நெஞ்சுக்குள் இறங்கியது. காலையில் துப்பினால் கறுப்பாக வந்தது. லட்சுமணனின் மனைவி பூவம்மா, புருஷன் பார்க்கக் கூடாதென்று அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடுவாள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூத்த பிள்ளைகளைக் காலரா கொண்டுபோய்விட்டது. மிச்சம் இவன் ஒருவன்தான்.

அந்த நேரத்தில்தான் தவசிமுத்து பாய்ப்படகு வாங்கினார். அவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மொத்த வியாபாரம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனின் படகை ஏலத்தில் எடுத்துவிட்டு, பழவேற்காட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கிவர உதவும் என்று எல்லோரிடமும் சொன்னார். கருவாட்டுக்கு இத்தனை அழகான படகு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. படகின் நடுவே தாழ்வான அறை ஒன்று. அதன் இரு பக்கமும் பித்தளை வளையம் போட்ட வட்டக் கண்ணாடிச் சன்னல்கள். கண்ணாடி பூத்துப்போய், வளையம் களிம்பேறி, மழை பெய்தால் உள்ளே ஒழுகியது. எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாக வைக்க ஆள் தேடினார்.

லட்சுமணன் தனக்குத் தெரியும் என்று போய் நின்றார். அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூடக் கிடையாது. கூலி பேசவில்லை. பையனைப் படகில் ஆளாகச் சேர்த்துக்கொண்டால் போதும் என்றார். படகை நடத்த வந்திருந்த தண்டேல் அத்தாவுல்லா ஜெயவேலின் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கரியிலிருந்து பிள்ளையை வெளியே இழுக்க அந்த மனுஷருக்கு வேறு கயிறு கிடைக்கவில்லை. பொய் சொன்னார் என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சித்திரை வெயில். படகு மணலில் ஏறிக் கிடந்தது, மரம் காய்ந்து சுருங்கியிருந்தது. லட்சுமணன் பழைய வளையங்களைக் கழற்றினார், உளுத்த மரத்தைச் செதுக்கி எடுத்தார். வண்ணாரப்பேட்டையில் கண்ணாடி அறுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் மக்குப் பசை வைத்து, கொஞ்சம் அசைய இடம் விட வேண்டும் என்பது கப்பல் தச்சனுக்குத் தெரியும். லட்சுமணனுக்கோ இடம் விடுவது என்றால் சோம்பேறியின் வேலை. தன் திரியை முறுக்கி, விளிம்பு முழுக்க உளியால் தட்டித் தட்டி, இனி ஒரு இழை நுழையாது என்கிற அளவுக்குத் திணித்தார். மேலே புது வளையத்தை வைத்து முடுக்கினார். பிறகு தம் வழக்கப்படி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. தவசிமுத்து வந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

படகைத் துறைமுகத்துச் சுவருக்குள் மிதக்கவிட்டார்கள். ஜெயவேல் கரிக்கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அதில் ஏறினான். பகலெல்லாம் பாயைத் தைப்பதும் கயிற்றைச் சுருட்டுவதுமாக இருந்தான். இருமல் குறைந்தது. பூவம்மா ஒருநாள் வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். அந்த வீட்டுப் பக்கம் அப்படி ஒரு வாசனை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

தாம் செய்த வேலையைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று லட்சுமணன் படகுக்குப் போனபோதுதான் முதல் விரிசலைக் கண்டார். ஒரு கண்ணாடியில் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஓடியிருந்தது. அடுத்ததிலும் ஓரத்தில் ஒன்று கிளம்பியிருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. காய்ந்த மரம் தண்ணீர் குடித்து உப்புகிறது, திரியும் உப்புகிறது. பலகையாக இருந்தால் நெருங்கி உட்கார்ந்திருக்கும். கண்ணாடி எங்கே போகும்? இத்தனை காலம் படகுகளைக் காப்பாற்றிய அதே திரி உள்ளே இருந்துகொண்டு கண்ணாடியை நெரித்துக்கொண்டிருந்தது.

குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துக் கொண்டுபோய் விரிசலின்மேல் பூசினார். மறுநாள் பூச்சைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தது. வண்ணாரப்பேட்டைக்கு ஓடினார். அந்தக் கனத்தில் கண்ணாடி இப்போது கைவசம் இல்லை என்று கடைக்காரன் கையை விரித்தான். அதற்குள் முதலாளி வீட்டில் பழவேற்காட்டுப் பயணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மனைவி தேவகிருபையும் இரண்டு பெண் குழந்தைகளும் வருகிறார்கள் என்று ஜெயவேலே வந்து சொன்னான். சுவருக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். வெளியே போனால் அலை பக்கவாட்டில் அறையும். ஓர் அறைக்கு அந்தக் கண்ணாடி தாங்காது.

போய்ச் சொல்லிவிடட்டுமா என்று பூவம்மாவிடம் கேட்டார். அவள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“சொல்லி இன்னா பண்ணப் போற? புள்ளைய மறுபடியும் கரிக்கு அனுப்பவா? கடலுக்குப் போற எல்லாருமா முழுகுறாங்கோ? கரிக்குப் போறவன் எல்லாரும் சாவுறான். நான் பாத்துகினுதான் கீறேன்.”

இதற்கு அவர் என்ன சொல்வார்? சொன்னால் பிள்ளைக்குக் கரி. சொல்லாவிட்டால் பிள்ளைக்குக் கடல். அன்றும் மறுநாளும் அவர் சோறு தின்னவில்லை. வேலை செய்த வலது கையை இடது கையால் பிசைந்துகொண்டே கடற்கரையில் நடந்தார். என்னைக் கண்டபோது ஏதோ சொல்ல வாயெடுத்து, காற்று ஜாஸ்தியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பயணத்தன்று காலையில் தென்காற்று நன்றாகவே வீசியது. பாய் விரிக்க எல்லாம் தயார். தேவகிருபை பலகாரக் கூடையோடு ஏறினாள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று குழந்தைகளை அறைக்குள் உட்கார வைத்தார்கள். கரைப் பக்கத்துச் சன்னல்களின்மேல் யாரோ பழைய பாய்த்துணி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். லட்சுமணன் என் பக்கத்தில்தான் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

காற்றில் அந்தத் துணி ஒதுங்கியது. சின்னவள் உள்ளேயிருந்து வேடிக்கை பார்க்க முகத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டிருந்தாள். மூக்கு சப்பையாக ஒட்டியிருந்தது. விரிசல் சரியாக அவள் கண்ணுக்குக் குறுக்கே போயிற்று.

லட்சுமணன் படகுக்குப் போட்டிருந்த ஏறுபலகையில் தாவி ஏறினார். “மொதலாளி, எறங்குங்கோ. கொயந்தைங்கள மொதல்ல எறக்குங்கோ. கண்ணாடி விரிசல் வுட்டுகிச்சி. நான் வெச்சதுதான்.”

அத்தாவுல்லா வந்து கட்டைவிரலால் பூச்சை அழுத்தினார். படக்கென்று ஒரு சில்லு உள்ளே விழுந்தது. தேவகிருபை குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். தவசிமுத்துவுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் அவர் கை ஓங்கவில்லை. நேற்றே வந்து சொல்லியிருந்தால் பலகை அடித்து மூடியிருக்கலாமே, கண்ணாடியா பெரிது என்றுதான் கேட்டார். நாலு பலகைத் துண்டு. அவ்வளவுதான் வேலை. அது லட்சுமணனுக்குத் தோன்றவே இல்லை. தப்பைச் சொன்னால் தலை போகும் என்று பயந்தவருக்குப் பலகையா ஞாபகத்துக்கு வரும்?

அத்தோடு போயிருந்தால் ஜெயவேல் படகிலேயே இருந்திருப்பான். அத்தாவுல்லா பாய்த்துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஜெயவேல் பக்கம் திரும்பினார்.

“இத்த மாட்டினது நீயா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம் என்றான். விரிசலை முந்தின நாளே பார்த்துவிட்டதாகவும் சொன்னான்.

“உங்க நைனா கண்ணாடி வேலை தெரியாதவரு, போவட்டும். நீ என் படகு ஆளு. ஓட்டைய பாத்துட்டு வாய மூடிகினு கீறவன வெச்சிகினு நான் எப்டிப்பா கடலுக்குப் போறது? எறங்கு.”

லட்சுமணன் தண்டேலின் காலைப் பிடித்துக்கொண்டார். தம்மை அடிக்கச் சொன்னார், போலீசில் கொடுக்கச் சொன்னார், பிள்ளையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அத்தாவுல்லா கெட்டவர் இல்லை. கடலில் உயிரோடு விளையாடத் தெரியாதவர், அவ்வளவே. காலை விடுவித்துக்கொண்டு பலகை கொண்டுவரச் சொன்னார். சன்னல்களை அடைத்துவிட்டு, கரையில் நின்ற வேறொருவனை ஏற்றிக்கொண்டு, குடும்பம் இல்லாமல் படகு போனது. பத்திரமாகத் திரும்பியும் வந்தது. பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, அந்தச் சில்லைத் தவிர வேறொன்றும் விழவில்லையாம். உடைந்த துண்டுகளைத் திரி அப்படிக் கவ்விக்கொண்டிருந்ததாம்.

அப்பாவும் பிள்ளையும் மணலில் நடந்து வீட்டுக்குப் போனார்கள். நான் கொஞ்சம் பின்னால் போனேன். தெரிந்தும் ஏன்டா ஏறினாய் என்று லட்சுமணன் கத்தினார். செத்துப் போயிருப்பாயே என்றார். ஜெயவேல் காலால் மணலைத் தள்ளிக்கொண்டே நடந்தான்.

“உம் பேரு கெட்டுடுமேன்னு பாத்தேன், நைனா. தண்ணி வந்தா நானே எறச்சிக்கலாம்னு நெனச்சிகினு இருந்தேன்.”

லட்சுமணன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்த நானும் ஜெயவேலும் சேர வேண்டியிருந்தது.

மறுநாள் ஜெயவேல் கரிக்குப் போனான். லட்சுமணனும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். கிழவனுக்கு இங்கே வேலை இல்லை என்று மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பினான். அதன் பிறகு ஜெயவேல் இரண்டு மழைக்காலம் உயிரோடு இருந்தான். கடைசியில் கூடை தூக்க முடியவில்லை, பிறகு எழுந்து உட்காரவும் முடியவில்லை. பூவம்மா அவன் துப்பியதை மண் போட்டு மூடுவதை நிறுத்திவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் லட்சுமணன் என்னைத் தேடி வந்தார். அன்றைக்கு நான் கரையில் இருந்தேன் என்பதால் வந்திருக்கிறார். அந்தக் குழந்தையின் முகத்தை நானும் பார்த்தேனா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

“நான் சொன்னது தப்பா?”

தப்பே இல்லை என்றேன்.

“அப்போ எம் புள்ள?” என்றார்.

நான் அவருக்கு உட்காரப் பலகையை எடுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார்.