தீவிலிருந்து நடந்து திரும்பிய ஞாயிறு

என்னோடு ஜெபிக்கிறவர்களே, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் சாமுவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதற்குக் காரணம் நான். இதை மறைத்துவிட்டு சாட்சி சொன்னால் அது சாட்சியே இல்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் ஆந்திராவில் பலமனேர். இரண்டு பேருக்கும் வேலை சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில்; வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவோம். போன வருஷம் சாமுவுக்குப் பெண் பார்த்து நாளும் குறித்தாயிற்று. "கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி மாமா. பையும் டெண்டும் இருந்தா போதும், ரூம் செலவில்ல. தீவுல படுத்துக்கினு வந்துடலாம்" என்று கெஞ்சினான். பழவேற்காடு ஏரிக்குள் ஒரு சின்னத் தீவு. எனக்கும் ஆசை வந்துவிட்டது. என் மனைவி எஸ்தரிடம், "ஞாயித்துக்கெழமையும் ஷிப்டு, ராத்திரிக்கு வந்துடறேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அது ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு.

சனிக்கிழமை படகில் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் ஆராதனை நேரத்தில் பன் தின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் படகுக்காரர், "இன்ஜின் ரிப்பேரு, சாயந்திரம் ஆவும்" என்றார். நேரத்துக்கு வீடு போகாவிட்டால் பொய் வெளியே வந்துவிடும்.

எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் முழங்கால்கூட இல்லை. எங்கள் ஊரில் கோடையில் ஏரி வற்றினால் யாரும் சுற்றிப் போகமாட்டோம், குறுக்கே நடந்துவிடுவோம். அந்தப் பழக்கம்தான் என் புத்தியைக் கெடுத்தது. "நடடா, நம்ம ஏரிதானே" என்றேன். அந்த ஊர்க்காரர் ஒருவரையும் கேட்கவில்லை.

பாதி வழியில் சாமு தொடைவரை சேற்றில் இறங்கிவிட்டான். அடியில் புதைந்திருந்த முறிந்த கழி ஒன்று காலைக் கிழித்தது. இழுக்கப் போன நானும் புதைந்தேன். போன் நனைந்து செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று கிளம்பி, தண்ணீரை எங்கள் பக்கம் தள்ள ஆரம்பித்தது. இடுப்பு, வயிறு, மார்பு என்று அவனுக்கு ஏறிக்கொண்டே வந்தது.

"மாமா, அக்காகிட்ட என்னான்னு சொல்லுவ?" என்றான். எனக்காகப் பயந்தான், பாவி.

வாய்விட்டு அழுதேன். "இயேசப்பா, அன்னிக்கு சீஷருங்க படகுல காத்த நிறுத்தினீங்களே, இப்பவும் நிறுத்துங்க! இந்தப் புள்ளய உட்டுடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று நிற்கவில்லை. இன்னும் பலமாக அடித்தது. ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தண்ணீர் அவன் கழுத்தைத் தொட்டபோது ஒரு குரல் கேட்டது. "ரே, நிக்காதே! மல்லாக்க படு!" சேற்றில் தவழ்ந்து கையாலேயே இறால் பிடிக்கிற ஒரு அம்மா, வயிற்றாலேயே ஊர்ந்து வந்தார். பையைக் கழற்றச் சொன்னார். டெண்டு துணியை விரித்து அவனைச் சாய்த்தார். முங்கி முங்கிக் காலைச் சுற்றிச் சேற்றைப் பறித்தார். கடைசியில் கால் வெளியே வந்தது. என்னையும் அப்படியே விடுவித்தார். எங்களையும் ஊரவைத்தே கரை சேர்த்தார்.

உயிர் பிழைத்தது. ஆனால் புண்ணில் விஷம் ஏறி, திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் அவன் வலது காலை வெட்டி எடுத்தார்கள். பெண் வீட்டார் வருவதை நிறுத்திவிட்டார்கள். எஸ்தர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இதுதான் பதிலா ஆண்டவரே என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

சாமுதான், "அந்தம்மாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல மாமா, போய்ட்டு வா" என்று அனுப்பினான். படகில் போய் அவரைக் கண்டுபிடித்தேன். அவர் சொன்னார்: "நான் அந்தப் பக்கமே வர்றதில்ல நைனா. காத்து இல்லன்னாலும் அங்க சேறே ஆள முழுங்கிடும். அன்னிக்கு என் எறா கூடை கட்டின கயிறு அறுந்துபோச்சி. காத்து அத அடிச்சிக்கினு போச்சி. அதத் தொரத்திக்கினுதான் வந்தேன்."

அந்த மண்ணிலேயே முழங்கால் போட்டேன்.

இப்போது வீட்டில் நான் பொய் சொல்வதில்லை. சாமு கட்டைக்கால் பழகிக்கொண்டிருக்கிறான். சில நாள் அழுகிறான், நானும் கூட அழுகிறேன். ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்கிறோம். நீங்கள் கேட்டதற்கு நேர் எதிராகவே நடக்கிறதா? கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் கெஞ்சியபடி அன்று காற்று நின்றிருந்தால், சாமு இன்றைக்கு இல்லை.