இங்கெலாவின் நாலு லிட்டர்

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே எங்கள் படகுச் சங்கத்தில் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை கிரேன் வரும். படகுகளைக் கரையேற்றி மரத்தாங்கிகளில் உட்கார வைத்துவிட்டால், பிறகு எங்களுக்கு வேலை அடுத்தவர் படகுக்கு அறிவுரை சொல்வதுதான். அந்த வருஷம் மாட்டியவள் இங்கெலா.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது. விவாகரத்தில் தீவு வீடும் பழைய டீசல் படகும் அவள் பங்குக்கு வந்தன. தீவுக்குப் பாலம் கிடையாது. படகு ஓடாவிட்டால் வீடு இருந்தும் இல்லாத மாதிரிதான். இத்தனை வருஷமும் என்ஜினைப் பார்த்துக்கொண்டவன் முன்னாள் கணவன் சிக்வார்ட். அவளிடம் இருந்தது என்ஜினோடு வந்த புத்தகம் மட்டும்.

கிரேன் வந்துபோன மறுநாள். அன்றிரவு மைனஸ் ஐந்து என்று வானொலியில் சொன்னார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே தங்கினால், உறைந்து இரும்பையே பிளந்துவிடும். காலையிலிருந்து அவள் என்ஜின் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த வடிகால் திருகு அசையவே மத்தியானம் தாண்டிவிட்டது. கழன்றதும் ஒரு டம்ளர் தண்ணீர் வந்து நின்றுவிட்டது.

"முடிஞ்சுதும்மா, காலி! உறையாம தடுக்கிற பச்சை மருந்த ஊத்திட்டு வா, சுட்ட சாசேஜ் ஆறுது," என்றேன்.

"புத்தகத்துல நாலு லிட்டர்னு போட்டிருக்கு, ரூனே. வாளியில ஒரு டம்ளர்தான் இருக்கு."

"எழுதுறவனுக்கென்ன, எழுதிட்டுப் போவான். சிக்வார்ட் என்னிக்காவது அளந்தானா?"

"அவன் பேச்சை எடுத்தே, ஸ்பேனர் உன் தலைக்குத்தான் வரும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாற்பது வருஷமாகப் படகு வைத்திருப்பவனுக்கு இவள் பாடம் எடுக்கிறாளா?

"மீதிய சிக்வார்ட் குடிச்சிட்டுப் போயிருப்பான்," என்றான் என் பக்கத்துப் படகுக்காரன் பெர்டில். எல்லோரும் சிரித்தோம். அவள் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கிரீஸ் அப்பியது.

"போங்கடா எல்லாரும்!"

போகவில்லை. வேடிக்கையை யார் விடுவார்கள்? அவள் கோட் மாட்டும் கம்பியை நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டுக் குத்தினாள். கம்பி வளைந்தது. எங்கள் காது கூசுகிற மாதிரி திட்டிவிட்டு மறுபடி குத்தினாள். மூன்றாம் தடவை துருச்சேறு கட்டியாக வந்து விழுந்தது. பின்னாலேயே பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடித்து அவள் கையையும் சட்டையையும் நனைத்தது. சிந்தியது போக வாளியில் மூன்றரை லிட்டர் இருந்தது.

பெர்டிலின் வாயில் சாசேஜ் அப்படியே நின்றது.

"உங்க என்ஜின்ல எத்தனை லிட்டர் வந்துச்சு?" என்று கேட்டாள் இங்கெலா. கேலியாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் வாளி வைப்பதே இல்லை. சொட்டு நின்றால் மூடிவிடுவேன். இந்த வருஷம் சீக்கிரமே நின்றதும், வேலை சுலபமாக முடிந்ததே என்று நான் சந்தோஷப்பட்டதும் அப்போதுதான் உறைத்தது.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. காலையெல்லாம் என் படகின் மேல் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டிய தார்ப்பாயை அவிழ்க்க ஓடினேன். எனக்கு முன்னால் பெர்டில் ஓடிக்கொண்டிருந்தான்.